லேப் அக்கா வைத்த கோளாறு

என் மனைவி ஒரு பெண்கள் பள்ளியில் ஆய்வக உதவியாளர். பத்தொன்பது வருஷமாகச் சோதனைக் குழாய் கழுவுகிறாள். பள்ளியில் எல்லோருக்கும் அவள் லேப் அக்கா. அங்கே எட்டாவது படிக்கும் எங்கள் மகளும் பள்ளி வாசலைத் தாண்டினால் அப்படித்தான் கூப்பிடுவாள். நான் எரிந்துபோன மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவன். கடைத்தெருவில் எனக்குப் பெயர் 'லேப் அக்கா வீட்டுக்காரர்'. ஒரு காலத்தில் அது சுருக்கென்று குத்தும்.

அந்தப் பள்ளியில் அறிவியல் கண்காட்சி எப்படி நடக்கும் தெரியுமா? அப்பாக்கள் செய்வார்கள், அம்மாக்கள் ஜிகினா ஒட்டுவார்கள், பிள்ளைகள் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிப்பார்கள். மேசைக்கு மேசை 'தொடாதே' அட்டை. பார்த்துப் பார்த்து என் மனைவிக்கு வயிறு எரிந்தது. போன வருஷம் தலைமையாசிரியையிடம் போய் நின்று ஒரு விளையாட்டுக்கு அனுமதி வாங்கினாள். காலையில் கதவு திறக்குமுன் மேசையிலிருக்கும் ஒவ்வொரு மாடலிலும் இவள் ஒரு கோளாறு வைப்பாள். கூட்டத்தின் முன்னால் பிள்ளை அதைக் கண்டுபிடிக்க வேண்டும். பாதி மதிப்பெண் அதற்குத்தான்.

பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். பெற்றோர்தான் கோபத்தில் குதித்தார்கள். கோளாறு பிடிபடாமல் மூன்று பிள்ளைகள் அழுதுவிட்டார்களாம். "இந்த வருஷம் ஒரு பிள்ளை அழுதாலும் விளையாட்ட நிறுத்திடுவேன்" என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார்.

இவ்வளவும் தெரிந்தும் நான் என்ன செய்தேன்? கண்காட்சிக்கு மகளுக்கு ஒரு குட்டி லிஃப்ட் செய்தேன். பொத்தானை அழுத்தினால் மூன்று மாடி ஏறும். கடையில் வைத்து நாலு நாள் வேலை. மகளைக் கிட்டேகூட விடவில்லை. அவளே செய்தாள் என்று மனைவியிடம் புளுகினேன்.

கண்காட்சியன்று மகள் பொத்தானை அழுத்தினாள். லிஃப்ட் அசையவில்லை. மறுபடி அழுத்தினாள். உதடு நடுங்கியது. சுற்றிலும் கூட்டம், எதிரே தலைமையாசிரியை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மெல்ல முன்னால் போகப் பார்த்தேன்.

"நகராதீங்க" என்றாள் இவள், என்னைப் பார்க்காமலே. கையிலிருந்த மேசை துடைக்கும் துணியைக் கசக்கிக்கொண்டிருந்தாள். சொந்த மகளே அழுதுவிட்டால் விளையாட்டு அன்றோடு சரி.

மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தலைமையாசிரியையைப் பார்த்தாள். "மிஸ், இது அப்பா செஞ்சது. உள்ள என்ன இருக்குன்னே எனக்குத் தெரியாது. பிரிச்சுப் பாக்கட்டுமா?"

என் மானம் கப்பலேறியது. தலைமையாசிரியை என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

மகள் மூடியைக் கழற்றினாள். கோளாறு தேடுவதற்கென்று மேசையில் வைத்திருந்த சின்ன பல்பை எடுத்து, பேட்டரியிலிருந்து ஒவ்வொரு கம்பியாகச் சோதித்தாள். பேட்டரி முனையில் இவள் ஒட்டியிருந்த துண்டு டேப் அகப்பட்டது. உரித்தாள், அழுத்தினாள். அப்போதும் அசையவில்லை. இவள் முகத்தில் ஈயாடவில்லை. இவள் வைத்த கோளாறு அது ஒன்றுதான். மற்ற பிள்ளைகள் மேசைமேல் கவிழ்ந்து, "சுவிட்ச பாரு, மோட்டார பாரு" என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். மகள் மோட்டார் வரைக்கும் போய் ஒரு கம்பியை வெளியே இழுத்தாள். நான் ஈயம் வைத்துப் பற்றவைக்காமல் வெறுமனே முறுக்கிவிட்ட கம்பி, வண்டியில் வந்த குலுக்கலில் கழன்றிருந்தது. இருபது வருஷமாக மோட்டார் வேலை பார்க்கிறேன்.

அதைச் சேர்த்து முறுக்கி, அழுத்தினாள். லிஃப்ட் மூன்று மாடியும் ஏறியது.

"லேப் அக்கா, இதுல ரெண்டு கோளாறு இருந்துச்சு. ஒண்ணு நீங்க வச்சது. இன்னொண்ணு அப்பா வச்சது."

கூடமே சிரித்தது. தலைமையாசிரியையும் சிரித்துவிட்டார். "அடுத்த வருஷம் எல்லாத்துலயும் ரெண்டா வச்சிடுங்க" என்றார் இவளிடம். இவள் கசங்கிய துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மகளுக்குப் பரிசு இல்லை. செய்ததற்குப் பூஜ்யம், கண்டுபிடித்ததற்கு முழு மதிப்பெண். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் கடைக்கு ஒருவர் மோட்டாரோடு வந்தார். "லேப் அக்கா வீட்டுக்காரர் கடை இதுதானே?"

"ஆமா. ரெண்டு கோளாறயும் கண்டுபிடிச்ச அந்தப் பொண்ணோட அப்பாவும் நான்தான்" என்றேன்.