மொரீஷியஸ் டாக்ஸியில் எங்கள் ஊர்ப் பெயர்

ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வருவதற்குள் போய்த் திரும்பிவிட வேண்டும் என்றுதான் நவம்பர் மாதத்தைப் பிடித்தோம். மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு போடுகிறவன் நான். அரவை தொடங்கிவிட்டால் வயலை விட்டு நகர முடியாது. எனக்கும் வசந்தாவுக்கும் கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் முடிந்தது. இதுவரை அவளை நான் சுற்றுலா என்று கூட்டிப்போன ஒரே இடம் பக்கத்து மலையில் இருக்கும் கரியாலூர். அருவியில் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் திரும்பி வந்ததை எழுதியபோது நீங்களெல்லாம் சிரித்தீர்கள். அந்த ரோஷத்தில்தான் இந்தத் தடவை கடலையே தாண்டினேன்.

எங்கள் ஊர் ஆலைக்குப் பக்கத்தில்தான். இந்தப் பதிவில் மட்டும் அதன் பெயரை எழுதப் போவதில்லை. படித்தால் காரணம் புரியும்.

கிளம்பிய அன்று இங்கே மழை விடாமல் ஊற்றியது. காலை 5.40 பஸ்ஸில் திருவண்ணாமலை, அங்கிருந்து சென்னை. மொத்தம் 220 கிலோமீட்டர், ஆறரை மணி நேரம். சென்னையிலிருந்து மும்பை போய், நாலு மணி நேரம் காத்திருந்து, மொரீஷியஸ் விமானம் ஏறினோம். அது ஆறேகால் மணி நேரம். போகவர ஒருவருக்கு 48,600 ரூபாய். டிசம்பர் கடைசிக்குத் தேடிப் பார்த்தால் எழுபதாயிரத்துக்கு மேல் காட்டியது. விசா இறங்கியதும் கொடுத்துவிடுகிறார்கள், கட்டணம் கிடையாது. அவர்களுடைய ஒரு ரூபாய் நமக்கு இரண்டு ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையில் கொஞ்சம் கம்மிதான், ஆனால் அது தெரிந்தால் கை நிற்காது.

பூமியின் தென்பாதி என்பதால் அங்கே நவம்பரில்தான் கோடை ஆரம்பம். நம்மூரில் மே மாதம் சிவப்பாகப் பூத்துக் கொட்டுமே, அந்த மரம் விமான நிலைய வாசலிலேயே பூத்து நின்றது. குடையை மடக்கிக்கொண்டு ஊரை விட்டு வந்தவனுக்கு அதுவே முதல் அதிர்ச்சி. லிச்சி மரங்களுக்கு வலை போர்த்தியிருந்தார்கள். வௌவாலுக்காகவாம். சுற்றுலாக் கூட்டமே இல்லை.

கிழக்கே ஃபிளாக் என்ற ஊர்ப் பக்கம் தங்க ஏற்பாடு. 45 கிலோமீட்டர், டாக்ஸி 1,800 மொரீஷியஸ் ரூபாய். ஓட்டியவர் பெயர் தேவென் மூட்டென். ஐம்பது வயதிருக்கும், நெற்றியில் விபூதி. வசந்தா ஆசையாக, “எந்த ஊருங்க உங்களுக்கு?” என்று கேட்டதும் மனிதர் திருதிருவென்று விழித்தார். வணக்கம், முருகா, விரதம், சோறு என்று நாலைந்து சொல்லைத் தாண்டி அவருக்குத் தமிழ் வராது. ஆங்கிலத்தில்தான் பேசினோம். அவர் சொன்னதை நான் தமிழாக்கி எழுதுகிறேன்.

வழி நெடுகக் கரும்பு. என் கண்ணில் வேறெதுவும் படவில்லை. ஒரு தடவை கரணை நட்டால், வெட்டிய கட்டையிலிருந்தே துளிர்க்கும் மறுதாம்பு ஏழெட்டு எடுப்பார்களாம். நாம் இரண்டாவதுக்கே மூச்சு வாங்குகிறோம்! வயலுக்கு நடுவே கருங்கல்லை ஆளுயரத்துக்கு மேல் கோபுரம் போலக் குவித்திருந்தார்கள். “இது என்ன கோயில்?” என்று கேட்டேன்.

“கோயில் இல்லை. வயலில் கிடந்த கல். கரும்பு நடுவதற்காக, இந்தியாவிலிருந்து வந்த கூலிகள் கையாலேயே பொறுக்கிக் குவித்தது. என் அப்பாவின் தாத்தாவும் பொறுக்கியிருக்கிறார்” என்றார் தேவென்.

அந்தத் தாத்தா எந்தப் பக்கத்துக்காரர் என்று சும்மா பேச்சுக்குத்தான் கேட்டேன். வண்டியை ஓரம் கட்டி, கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். கப்பலில் வந்த கூலிகளைப் பதிந்த ஏட்டிலிருந்து, ஆவணக் காப்பகத்தில் எழுதி வாங்கிய நகல், முதல் பக்கம். பெயர் முத்தன். அந்த முத்தன்தான் மூட்டென் ஆகியிருக்கிறார். ஜில்லா, தென்னாற்காடு. தாலுகா, கள்ளக்குறிச்சி. கிராமம் என்ற இடத்தில் எங்கள் ஊர்ப் பெயர் இருந்தது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழுத்துக்கூட்டி மூன்று தடவை படித்தேன். வசந்தா கைபேசியைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, “ஐயோ, நம்ம ஊருங்க!” என்று கத்தினாள். நான் விளக்கிச் சொன்னதும் தேவென் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதார். வெள்ளைக்காரன் காதில் விழுந்தபடி எழுதிய பெயர் எந்த வரைபடத்திலும் அகப்படாமல், பதினோரு வருஷமாக அந்த ஊரைத் தேடுகிறாராம்.

அங்கிருந்தே அண்ணனைக் கூப்பிட்டேன். எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலில் முதல் மரியாதை எங்கள் குடும்பத்துக்கு. அண்ணன்தான் தர்மகர்த்தா.

“இன்னாடா சொல்ற? நம்ம ஊர்க்காரனா! எந்த வகையறா?”

“அது தெர்லண்ணா. பங்குனித் திருவிழாவுக்கு வரணும்னு ஆசப்படுறாரு.”

“கூட்டிகினு வாடா! கடல் தாண்டி வர்ற ஆளு. பரிவட்டம் கட்டி உள்ள கூட்டிகினு போய் நிக்க வெக்கலாம்.”

அடுத்த மூன்று நாளும் தேவென் எங்களைத் தரையில் நடக்க விடவில்லை. துறைமுகத்தில் அந்தக் காலத்துக் கூலிகள் இறங்கி ஏறிய படிகளைக் காட்டினார். பதினாறு படி, அனுமதி இலவசம். பெல் மேர் கடற்கரையில் சவுக்கு மர நிழலில் காலை எட்டு முதல் பதினொன்று வரை எங்களைத் தவிர ஒரு ஆள் இல்லை. தெருவோரம் பருப்பு வைத்த பூரி, ஜோடி நாற்பது அவர்கள் ரூபாய், காரம் கொஞ்சம் ஜாஸ்தி. டாக்ஸிக்குக் காசு கொடுத்தால் கையைத் தட்டிவிட்டார்.

வெள்ளிக்கிழமை தன் ஊர்க் கோயிலுக்கு அழைத்துப்போனார். பாட்டுப் புத்தகம் முழுக்க ஆங்கில எழுத்து. அர்த்தம் தெரியாமல், ஒரு அட்சரம் பிசகாமல் அத்தனை பேரும் முருகனைப் பாடுகிறார்கள். எனக்குச் சிலிர்த்துவிட்டது. அந்தக் கோயிலுக்குத் தலைவரே தேவென்தான். எங்களை முன்வரிசையில் உட்காரவைத்து, பிறகு வாழை இலையில் ஏழு கறியோடு சோறு போட்டார். சாப்பிட்டு முடித்ததும் பிளாஸ்டிக் உறையிலிருந்து அந்த நகலையே எடுத்து, அதன் இரண்டாம் பக்கத்தைத் திருப்பினார்.

“உயரம், மச்சம் எல்லாம் போட்டிருக்கிறது. இந்த ஒரு சொல் மட்டும் எனக்குப் புரியவில்லை. அவர் செய்த வேலையா?”

ஜாதி என்ற கட்டம். அதில் இருந்தது, வெள்ளைக்காரக் குமாஸ்தா தயங்காமல் எழுதிய, இன்று யாரும் எழுதக் கூடாத சொல். நானும் எழுத மாட்டேன்.

அப்படியானால் முத்தன் எங்கள் ஊர்க் காலனியிலிருந்து போனவர். அந்தக் காலனிக்காரர்கள் இன்றுவரை எங்கள் கோயில் வாசலைத் தாண்டியதில்லை. “வழக்கம்” என்று அதற்கு நாங்கள் பெயர் வைத்திருக்கிறோம். போன வருஷம் காலனியிலிருந்து குமார் என்பவர், எங்களுக்குக் கரும்பு வெட்டும் கூட்டத்தின் மேஸ்திரி, உள்ளே வந்து கும்பிட வேண்டும் என்று கேட்டார். தாசில்தார் சமாதானக் கூட்டம் போட்டார். அண்ணன் முடியாது என்றார். நான் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை.

தேவெனிடம், விசாரித்துச் சொல்கிறேன் என்று மழுப்பிவிட்டு, அறைக்கு வந்ததும் அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன்.

“அந்தக் காகிதத்த எத்தினி பேரு பாத்தீங்க?”

“மூணு பேருண்ணா.”

“அத்தோட நிக்கட்டும். பேன்ட் சட்ட போட்டுகினு, இங்கிலீஷ் பேசிகினு வர்றவர யாரு இன்னா கேக்கப் போறாங்க? காகிதத்த மட்டும் கொண்டாற வேணாம்னு சொல்லு. பரிவட்டம் கட்டிடலாம்.”

ஆள் வரலாமாம், காகிதம் வரக் கூடாதாம். அப்படியானால் இத்தனை வருஷம் நாங்கள் எதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தோம்? அதைவிட வெட்கம், ஒரு நிமிஷம் எனக்கும் ‘நல்ல யோசனைதான்’ என்று பட்டது. கைபேசிப் பேச்சை ஒட்டுக்கேட்ட வசந்தாதான் போட்டு உடைத்தாள்.

“அவுரு கையால மூணு நாளா சோறு துன்னுகினு இர்க்கோம். நாக்கு இன்னா புழுத்தா பூடுச்சி? காகிதத்த ஒளிச்சா ஆத்தாளுக்குத் தெரியாதா? போய் உண்மைய சொல்லுங்க.”

மறுநாள் காலை விமான நிலையத்துக்குப் போகும் வழியில், அந்தக் கற்குவியல் பக்கம் வண்டியை நிறுத்தச் சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் சொன்ன யோசனையையும் சேர்த்துத்தான். தேவென் முதலில் நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். பிறகு, “இன்றைக்குமா?” என்றார். தலையாட்டினேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

“அப்படியானால் என் சொந்தக்காரர்கள் அந்தக் காலனியில் இன்னும் இருக்கிறார்களா?” என்று கேட்டார்.

இதை நான் யோசிக்கவே இல்லை.

“இருந்தால் அவர்களோடு வருகிறேன். அவர்கள் எங்கே நிற்கிறார்களோ அங்கே நிற்கிறேன். காகிதத்தையும் கொண்டுவருவேன்” என்றார்.

ஊர் திரும்பிய மறுநாள் குமார் வீட்டுக்குப் போனேன். பத்து வருஷமாக என் கரும்பை வெட்டுகிறவர், அவர் வீட்டுப் படியை அன்றுதான் முதன்முதலில் மிதித்தேன். முத்தன் பெயரைச் சொன்னதும் அவர் அசந்துபோனார்.

“எங்கப்பா சொல்லும்ங்க, நம்ம வகையறாவுல ஒர்த்தரு கப்பலேறிப் பூட்டாருன்னு. கதன்னு நெனச்சிகினு இர்ந்தேன்.” அப்புறம் என்னை நேராகப் பார்த்தார். “அவுரு வரட்டும், எங்க வூட்ல தங்கட்டும். எங்களோட கோயிலுக்கு வருவாரு. அன்னிக்கி நீங்க எந்தப் பக்கம் நிப்பீங்க? அத சொல்லிட்டுப் போங்க.”

இனி உங்களுக்கான குறிப்புகள். மொரீஷியஸுக்கு நவம்பரிலேயே போய்விடுங்கள், ஜனவரியில் புயல் பயம் உண்டு. கிராமங்களில் மாலை ஆறரைக்கு மேல் பஸ்ஸை நம்பாதீர்கள். தங்கும் வீடு ஒரு நாளைக்கு 1,600 அவர்கள் ரூபாய்க்குக் கிடைக்கும். குடை வேண்டாம், தொப்பி கட்டாயம்.

தேவெனும் உங்களைப் போலத்தான் வாட்ஸ்அப்பில் கேள்வி மேல் கேள்வி கேட்கிறார். பங்குனிக்கு அவருக்கும் மனைவிக்கும் டிக்கெட் எடுத்தாயிற்று. சென்னையிலிருந்து ஆறரை மணி நேரம், வெயில் கடுமையாக இருக்கும், பருத்தி உடை கொண்டுவாருங்கள் என்று எழுதினேன். குமார் வீட்டிலிருந்து கோயில் எவ்வளவு தூரம் என்று நேற்று கேட்டிருந்தார். அரை கிலோமீட்டர், நடந்தால் ஏழு நிமிஷம், வழியில் எங்கள் வீடு என்று பதில் போட்டேன்.

அந்த ஏழு நிமிஷமும் அவர்களுக்கு முன்னால் நான் நடப்பேன் என்று குமாரிடம் சொல்லிவிட்டேன். வசந்தாவும் வருகிறாள். அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை. என் பதிவுகளை முதல் ஆளாகப் படிப்பவர் அவர்தான்.