அம்புக்குறி ஒட்டிய புத்தகம்

நெருப்பெரிச்சல் என்கிற எங்கள் ஊரில் ஒரு பனியன் கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை. ஓட்டை, கறை, தையல் விட்ட இடம், எதுவானாலும் அதன்மேல் ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவேன். அதோடு என் வேலை முடிந்தது. சரி செய்வது அடுத்த மேசைக்காரர்கள் பாடு.

கணவர் இறந்துபோன பிறகு வீட்டில் பேச ஆளில்லை. தபால் வழியில் தத்துவம் படிக்கச் சேர்ந்தேன். முதல் பாடமே தத்துவத்தின் வரலாறு.

"இந்த வயசுல இது எதுக்குங்கக்கா? கம்ப்யூட்டராச்சும் படிக்கலாமுங்கல்ல?" என்றாள் கூட வேலை செய்கிறவள். எதற்கென்று எனக்கே தெரியாது.

கைப்பழக்கம் விடுமா? ஒத்துக்கொள்ள முடியாத வரிகளில் எல்லாம் அம்புக்குறி ஒட்டிக்கொண்டே படித்தேன். பெரிய மனிதர்கள் என்பதற்காக விட்டுவிட முடியுமா என்ன! வேடிக்கை என்னவென்றால், நான் ஒட்டிய அதே இடத்தில்தான் அடுத்த பாடத்தில் வரும் தத்துவவாதியும் கை வைத்திருப்பார். எப்போதோ செத்துப்போன ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்து செக்கிங் பார்ப்பது போலிருக்கும். அந்த வீட்டில் எனக்குத் துணை அவ்வளவுதான்.

சின்ன வயதிலிருந்தே எனக்கொரு சந்தேகம். என் வலி எனக்குத் தெரியும். அடுத்தவர் வலி நிஜம் என்று எப்படித் தெரியும்? ஒருநாள் என் கணவர் தலைவலி என்று படுத்திருந்தபோது, நேரங்காலம் தெரியாமல் அதைக் கேட்டுத் தொலைத்தேன்.

"அப்ப நான் நடிக்கறேங்கறயா?" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு வலி என்று அவர் என்னிடம் சொன்னதே இல்லை. அவரைக் கொண்டுபோன நெஞ்சுவலியைக்கூடச் சொல்லவில்லை.

போன மாதம் அந்தச் சந்தேகம் பாடத்திலேயே வந்தது. எங்கோ, என்றோ ஒருவர் அதையே கேட்டிருக்கிறார். நான் பைத்தியமில்லை என்று அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே ஸ்டிக்கர் ஒட்டினேன். சில பாடங்கள் தள்ளி இன்னொருவர் பதில் சொல்லியிருந்தார். முனகல் கேட்டால், வலி நிஜமா என்று தீர்மானித்துவிட்டா எழுகிறோம்? எழுந்து உதவப் போய்விடுகிறோம். நம்புவது என்பதே அப்படி எழுந்து போவதுதான்.

அன்று அவரிடம் அந்தச் சந்தேகத்தைக் கேட்டபோது என் கையில் தைலப் புட்டி இருந்தது. அடுப்பில் அவருக்காகச் சுக்குத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

நான் அவரை நம்பித்தான் இருந்தேன். அன்றைக்கு அதைச் சொல்லத் தெரியவில்லை. இப்போது தெரிகிறது, கேட்க அவர் இல்லை.