சரிந்தாலும் அவர்கள் மண்

இது நடந்து மூன்று வருடம் இருக்கும். அப்போது ஷார்ஜாவில், முவைலா பக்கம் ஓர் அரபுக் குடும்பத்தின் வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தேன். நான் இலங்கை மலையகத்துக்காரி, பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். அந்த வீட்டில் எனக்கு முன்பே ஓர் இந்தோனேசியப் பெண் வேலையில் இருந்தாள். என் வயதுதான் இருக்கும். சமையலறைக்குப் பின்னால் இருந்த ஒரே அறையில்தான் இரண்டு பேரும் படுப்போம். அவள் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவளுக்குத் தெரியாது. வேலைசெய்த வீடுகளில் பொறுக்கிக்கொண்ட அரைகுறை அரபியில்தான் பேச்செல்லாம்.

வெள்ளிக்கிழமை மதியம் வீட்டுக்காரர்கள் எல்லோரும் மேடத்தின் அம்மா வீட்டுக்குச் சாப்பிடப் போய்விடுவார்கள். கார் கேட்டைத் தாண்டியதும் அவள் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஊருக்கு வீடியோ கால் போடுவாள். நான் வந்த முதல் வாரமே கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். அந்தப் பக்கம் அவளுடைய அப்பா. எலும்பும் தோலுமாக ஒரு மனிதர், எப்போதும் சிரித்த முகம். போனைக் கையில் பிடித்துக்கொண்டு எனக்கு ஊரைச் சுற்றிக் காட்ட ஆரம்பித்துவிடுவார்.

மேற்கு ஜாவாவில் மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கிற சின்ன ஊர் அது. ஓட்டு வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கு முன்னாலும் ஒரு குட்டி மீன் குளம். அதற்குக் கீழே படிப்படியாக வயல், இன்னும் கீழே ஆறு, ஆற்றுக்கு மேலே ஒரு மூங்கில் பாலம். ரோட்டோரம் பாய் விரித்துக் கிராம்பு காயப் போட்டிருப்பார்கள். பைக் வந்தால் அதுதான் ஒதுங்கிப் போகும். எங்கள் ஊர் கித்துள் போலவே ஒரு மரம், அதிலிருந்து பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்சுவார்கள். எல்லாவற்றுக்கும் பின்னால் லேசாகப் புகைந்துகொண்டே ஒரு எரிமலை. அதைக் கண்டு யாரும் பயந்ததாகத் தெரியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் வீட்டுக்குப் பின்பக்கம் ஏறினார். ஸ்கிரீன் முழுக்கத் தேயிலை. அதே இடுப்பளவுப் பச்சை, அதே செம்மண் பாதை. நான் போனுக்குப் பக்கத்தில் குனிந்தேன்.

“எந்தக் கம்பெனித் தோட்டம்?” என்று கேட்டேன்.

அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. “ஹாதா மால் அனா,” என்றாள். இது என்னுடையது என்று அர்த்தம். “அந்த வேலி வரைக்கும் அப்பாவோடது. அதுக்கு அங்கிட்டு சித்தப்பாவோடது.”

எங்கள் வீட்டில் நாலு தலைமுறையாகக் கொழுந்து பறிக்கிறோம். ஒரு செடி எங்கள் பேரில் கிடையாது. குடியிருந்த லயத்துக் காம்பரா, வரிசை வீட்டில் ஓர் அறை, அது கூடத் தோட்டத்துக்குச் சொந்தம். பின்னால் நாலு மிளகாய்க் கன்று நடுவதென்றாலும் தோட்டத்தை நடத்துகிற துரையின் முகத்தைப் பார்க்க வேண்டும். இவளோ ‘என்னுடையது’ என்பதை, என் செருப்பு என்பது போல அவ்வளவு சுலபமாகச் சொல்கிறாள்.

அன்றைக்குப் பிடித்தது பொறாமை. அவள் ஆசையாக இடித்துக் கொடுத்த மிளகாய்ச் சம்பலை, வயிறு சரியில்லை என்று ஒதுக்கினேன். வெள்ளிக்கிழமைகளில் துணி மடிக்கிற சாக்கில் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். காது மட்டும் அங்கேதான் இருக்கும். அந்த ஊரில் ஏதாவது குறை கண்டுபிடிக்க மாட்டோமா என்று இருந்தது. ஒருநாள் கேட்டும் விட்டேன்.

“இவ்வளவு இருந்தும் நீ ஏன் இங்க வந்த?”

“கொழுந்துக்கு விலை மாஃபி,” என்றாள் அவள். மாஃபி என்றால் இல்லை. “வீட்டுக் கூரை ஒழுகுது. தம்பி படிக்கணும். எங்க ஊர்ப் பொண்ணுங்க பாதிப் பேர் வெளியிலதான்.”

அவளும் என்னைப் போல இல்லாதவள்தான் என்று தெரிந்தது. அப்படியும் மனசு ஆறவில்லை. கூரை ஒழுகினாலும் அவள் கூரை அல்லவா?

பிறகு அங்கே மழைக்காலம் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை கால் போகவே இல்லை. திரும்பத் திரும்பப் போட்டாள். சாயங்காலம் தூரத்துச் சொந்தக்காரர் யாரோ ஒரு வரி அனுப்பியிருந்தார்: மலை சரிந்துவிட்டது. அவ்வளவுதான், வேறு தகவல் இல்லை. அவள் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கு அது எப்படி இருக்கும் என்று தெரியும். சில வருடங்களுக்கு முன்னால் எங்கள் லயமும் அப்படித்தான் மண்ணோடு போனது. “அவ வேலையையும் நானே பாத்துக்கிறேன், அவள விட்ருங்க” என்று மேடத்திடம் கெஞ்சினேன். தேநீரில் ரொட்டியை நனைத்து வாயில் ஊட்டினேன். அந்த நாட்களில் பொறாமை எங்கே போயிருந்தது என்றே தெரியவில்லை.

மூன்றாம் நாள் அவள் அப்பாவின் குரல் வந்தது. ஊர் முழுக்கப் பள்ளிவாசலில் தங்கியிருந்தார்கள், உயிர்ச்சேதம் இல்லை. குளமும், தேயிலையில் பாதியும் போய்விட்டன. அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன்.

சில வாரம் கழித்து மறுபடி வீடியோ கால். ஊரே சேற்றில் இறங்கியிருந்தது. ஆண்கள் கல் சுமக்கிறார்கள், பெண்கள் பெரிய சட்டியில் சோறு பொங்குகிறார்கள். அவள் அப்பா முழங்கால் சேற்றில் நின்று குச்சி நட்டுத் தன் எல்லையை அளக்கிறார். பக்கத்து நிலத்துக்காரர் இல்லை இல்லை என்று குச்சியைப் பிடுங்கித் தள்ளி நடுகிறார். இருவரும் சிரிக்கிறார்கள்.

பொறாமை திரும்பி வந்தது. முன்பைவிடப் பத்து மடங்காக.

அன்று சாயங்காலம் என் அக்காவுக்குப் போன் பண்ணினேன். “இன்னும் தகரக் கொட்டகையிலதான்டி கெடக்கோம்,” என்றாள். “வீடு கட்டணும்னா நெலம் வேணும்ல? ஆபீஸ்ல கேட்டா பாப்போம் பாப்போம்ங்கறாங்க. எத்தன மழைக்குத்தான் பாப்பாங்களோ.”

எங்கள் மலையும்தான் சரிந்தது. அவர்கள் மலை சரிந்தது, மழை ஓய்ந்ததும் குச்சி நட்டுவிட்டார்கள். சரிந்தாலும் அது அவர்கள் மண். எங்களுக்குச் சரியாமல் இருந்தபோதும் அது சொந்தமில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை, கால் போய்க்கொண்டிருக்கும்போதே அவள் என் பக்கம் திரும்பி, ஏன் முகம் இப்படி இருக்கிறது என்று கேட்டாள். எனக்கு அரபியில் பொறாமைக்கு வார்த்தை தெரியாது. நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு கொட்டிவிட்டேன்.

“உனக்கு நெலம் இருக்கு. எனக்கு மாஃபி. எங்க அக்காவுக்கு மாஃபி. எங்க அம்மாவுக்கும் மாஃபி. உன் ஊரப் பாக்கப் பாக்க எனக்கு இங்க எரியுது.”

கோபப்படுவாள் என்று நினைத்தேன். போனிலிருந்து அவள் அப்பா என்ன சத்தம் என்று கேட்டார். அவள் மெல்ல அவர்கள் பாஷையில் சொன்னாள். அவர் தலையைச் சொறிந்தார். போனோடு மேலே ஏறினார். புதிதாக வெட்டிய மேட்டின் ஓரத்தில் தேயிலைக் கன்றுகள் ஒரு கூடையில் இருந்தன. போனை யாரிடமோ கொடுத்துவிட்டு, ஒரு கன்றை எடுத்துக் குழியில் வைத்து, மண்ணைக் குதிகாலால் அழுத்தினார். என் பேரைக் கேட்டார். சொன்னேன். அவர் திருப்பிச் சொன்னது என் பேர் மாதிரியே இல்லை.

“இது உன்னோடதாம்,” என்றாள் அவள். “கொழுந்து வந்தா நீயே வந்து எடுக்கணுமாம்.”

அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி எழுந்து போனேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

அவள் காண்ட்ராக்ட் முடிந்து ஊருக்கே போய்விட்டாள். நான் இப்போது வேறொரு வீட்டில் இருக்கிறேன். இப்போதும் எப்போதாவது அந்தச் செடியின் படம் வரும். அக்காவிடம் முதலில் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்ததும், “யாரோ ஒரு மனுசன் நம்ம மொகத்தக் கூட நேர்ல பாக்காம ஒரு செடி குடுத்துட்டான். நாம பொறந்த எடத்துல கேக்கறதுக்கு என்னடி கூச்சம்?” என்றாள். அதிலிருந்து கொட்டகைப் பெண்களைக் கூட்டிக்கொண்டு நிலம் கேட்டு ஒவ்வொரு ஆபீஸாக ஏறி இறங்குகிறாள். இன்னும் கிடைக்கவில்லை.

பொறாமை கெட்ட குணம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அந்த ஊரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரியத்தான் செய்கிறது, எங்களுக்கு என்ன சேர வேண்டும் என்பதை முதன்முதலில் எனக்குக் காட்டிய அந்த எரிச்சலை நான் அணைக்கப் போவதில்லை.