சவரியம்மாள் துரத்திய ஓ நெகட்டிவ்

எங்கள் ஆயா சவரியம்மாள் எங்கள் ஊரான கிள்ளையில் ஆம்பளைகள் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்ததில்லை. "டேய் பி பாசிட்டிவ், வலைய அப்புறம் பின்னலாம், எழுந்திருடா!" என்று ஒரு குரல் கொடுத்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். நம்பமாட்டீர்கள், சில பேருடைய நிஜப் பெயரே அவர்கள் கல்யாணப் பத்திரிகையைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது!

ஆயா கூடையில் மீன் சுமந்து சிதம்பரத்தில் விற்கும். அந்த வருமானத்தில்தான் அப்பாவைப் படிக்கவைத்தது. என்னையும் அக்கா பிரிசில்லாவையும் வளர்த்தது. ஆஸ்பத்திரியில் யாருக்காவது ரத்தம் வேண்டும் என்று காதில் விழுந்தால் போதும், கூடையைப் போட்டது போட்டபடி ஆள் பிடிக்கக் கிளம்பிவிடும். மாரியம்மன் கோயில் தெருவா, மாதா கோயில் தெருவா என்றெல்லாம் பார்க்காது. ரத்தம் கொடுத்துவிட்டு வருபவருக்கு எங்கள் வீட்டில் சுடுசோறும் நண்டு ரசமும் கண்டிப்பாக உண்டு. ஆயாவின் மூத்த மகள், என் அத்தை, பிரசவத்தில் ரத்தம் கிடைக்காமல் செத்துப்போனவர். அந்த வேதனைதான் ஆயாவை அப்படி ஓடவைத்தது.

அதன் கையில் சிக்காத ஒரே ஆள் கண்ணாயிரம் மாமா. பிச்சாவரத்தில் சுற்றுலாப் படகு ஓட்டுகிறவர். ஊரில் நடந்த ரத்ததான முகாமில் விரலில் குத்திப் பார்த்து ஓ நெகட்டிவ் என்றார்கள். படுக்கச் சொன்னதும் மனுஷன் எடுத்தார் பாருங்கள் ஓட்டம்! அன்றிலிருந்து ஆயா துரத்தும், அவர் படகோடு சுரபுன்னைக் காட்டுக்குள் புகுந்துவிடுவார். "ஊசிக்குப் பயந்தவன் மீச வெச்சிருக்கான் பாரு!" என்று ஆயா கரையில் நின்று கத்தும்.

போன தவக்காலத்தில் ஆயா போய்ச் சேர்ந்துவிட்டது. ஆடியில் பிரிசில்லாவுக்குப் பிரசவ ஆபரேஷன். நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, ரத்தம் ஜாஸ்தி போகும், ஓ நெகட்டிவ் இரண்டு யூனிட் கையில் இருந்தால்தான் சாயங்காலம் ஆபரேஷன் என்று சிதம்பரத்து டாக்டர் சொல்லிவிட்டார். கடலூரில் தேடி ஒன்று வாங்கினோம். இன்னொன்று எங்குமே இல்லை. வீட்டில் வேறு யாருக்கும் அந்த குரூப் கிடையாது. அத்தை செத்த அன்று பக்கத்தில் இருந்தது என் அம்மா ஜெயராணிதான். அம்மாவின் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

நான் சும்மா இருப்பேனா? ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் 'அவசரம்' என்று போட்டேன். கும்பிடு பொம்மையாக வந்து குவிந்தது! ஒருத்தன் 'அதிகம் பகிரவும்' என்று எனக்கே திருப்பி அனுப்பினான். வந்த ஆத்திரத்தில் போனைத் தூக்கி அடிக்கப்போனேன்.

"ஆயா எந்தக் காலத்துலடா மெசேஜ் போட்டுச்சு? வூடு வூடா வாசல்ல போயி நில்லுடா!" என்று அம்மா சத்தம் போட்டார்.

பைக்கை விரட்டினேன். ஊருக்குள் நுழைந்ததும் ஆயா மாதிரியே தொண்டை கிழியக் கத்தினேன்: "பிரிசில்லாவுக்கு ரத்தம் வேணும்! ஓ நெகட்டிவ்!" அடடா, அந்தக் கூத்தை என்னவென்று சொல்ல! ஏ பாசிட்டிவ் சட்டையை மாட்டிக்கொண்டே ஓடிவந்தார். பி பாசிட்டிவ் வேனைக் கிளப்பினார். "ஒங்க குரூப் இல்லண்ணே" என்றால் யார் கேட்கிறார்கள்?

"ஆயா என்னா சொல்லும்? மொதல்ல வண்டில ஏறு, மத்தத அங்க பாத்துக்கலாம்னுதான சொல்லும்?" என்றார் பி பாசிட்டிவ்.

வண்டி நிறைந்துவிட்டது, வேண்டிய ரத்தம் மட்டும் அதில் இல்லை!

மிச்சமிருந்தது ஒரே ஆள்தான். வேனைப் பிச்சாவரத்துக்கு விடச் சொன்னேன். என்னைப் பார்த்ததுமே கண்ணாயிரம் மாமா துடுப்பைப் போட ஆரம்பித்துவிட்டார். பழக்கதோஷம்!

"மாமா! ஆயா இல்ல, நான் சித்தார்த்து!"

படகு போய்க்கொண்டே இருந்தது.

"பிரிசில்லா அக்காவுக்கு மாமா! வேற ஆளே கெடைக்கல!"

துடுப்பு நின்றது. பிறகு படகு கரைக்குத் திரும்பியது. வேனில் இடமில்லாமல் பி பாசிட்டிவின் தம்பி மடியில் உட்கார்ந்து வந்தார்.

ஊசி ஏறும்போது என் விரல்களை நசுக்கிவிட்டார். கண்ணை இறுக்க மூடிக்கொண்டே பேசினார்.

"ஒங்க ஆயா கடைசியா எங்க வூட்டாண்ட வந்தப்போ, நான் இல்லன்னு சொல்லச் சொல்லிட்டு கதவுக்குப் பின்னாடி நின்னேன்டா. காலு தெரிஞ்சிருக்கும் போல. 'பயப்படாதடா, இன்னிக்கு வேற ஆளு கெடச்சிடுச்சு. நீ நிம்மதியா இருன்னு சொல்லிட்டுப் போவத்தான் வந்தேன்'னு சொல்லிட்டுப் போச்சு."

நான் அவர் கையை விடவில்லை.

சாயங்காலம் நர்ஸம்மா வெளியே வந்து, "பொம்பளப் புள்ள! ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்றதும் வராண்டாவே அதிர்ந்தது. வாட்ச்மேன் அதட்டியும் ஒருத்தரும் அடங்கவில்லை. ஆயா சாவில்கூட அழாத அம்மா தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். கண்ணாயிரம் மாமா நர்ஸம்மாவின் பின்னாலேயே ஓடினார்.

"ஏம்மா, நான் அடுத்தது எப்பம்மா குடுக்கலாம்?"

"மூணு மாசம் ஆவணுங்க."

"அவ்ளோ நாளா? அதுக்குள்ள எந்தப் புள்ளைக்காவது தேவப்பட்டுச்சுன்னா என்னம்மா பண்றது?"