பல்பு எரிந்த பின்னேரம்

திருகோணமலையில் கரண்ட் போனால் எல்லாரும் திட்டுவார்கள். எனக்கோ அது வரும்போதுதான் பயம். என் கணவர் மின்கம்பி பழுதுபார்க்கிறவர். கல்யாணம் பேசியபோது "அரசாங்க உத்தியோகம்" என்று மட்டும் சொன்னார்கள். கம்பத்தில் ஏறுகிற உத்தியோகம் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அந்த மார்கழியில் வாடைக் காற்று பேயாய் அடித்தது. கடற்கரையோரம் மணல் நிலம். மழையில் மணல் இளக, காற்றுத் தள்ளியதில் கம்பங்கள் கள்ளுக் குடித்தவர்கள் போலச் சாய்ந்தன. கம்பிகள் ஒன்றோடொன்று மோதிப் பொறி பறந்தது. கடைசியில் ஒரு தென்னை நிலாவெளி வீதிக் கம்பிகளின் மேல் விழுந்தது. எங்கள் பக்கம் முழுக்க இருண்டது.

விடிந்ததும் அவர் புறப்பட்டார்.

"இருட்டினாப் பிறகுதான் கரண்ட் விடுவினம். அதுவரைக்கும் நான் கம்பத்திலதான் நிப்பன். பயப்பிடாதேயும்."

பின்னேரம் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். தலைக்கு மேல் பல்பு எரிந்தது. அயல்வீட்டுப் பிள்ளைகள் கூவினார்கள். றேடியோ பாடத் தொடங்கியது. வெளியே பார்த்தேன், இன்னும் வெளிச்சம் இருந்தது. அவர் இன்னும் கம்பத்தில்தான் நிற்பார்.

செதில் ஒட்டிய கையோடு நிலாவெளி வீதிக்கு ஓடினேன். வழியில் கடைகளிலெல்லாம் விளக்கு. பலசரக்குக் கடைக்கார நானா எட்டிப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, லைட் வந்திட்டுதே. பிறகென்ன ஓட்டம்?"

நல்ல மனிதர். அன்று அவரை அறையலாம் போலிருந்தது.

வீதி வளைவில் என் கணவரைக் கண்டேன். கம்பத்து உச்சியில், இடுப்பு வாரில் சாய்ந்து, தலை குனிந்திருந்தார். அசைவில்லை. கீழே கயிறு பிடித்து நின்றவர்களும் மேலே பார்த்தபடி நின்றார்கள். கூப்பிட வாயெடுத்தேன். திடுக்கிட்டு வழுக்கிவிட்டால்? செதில் கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டேன்.

ஒரு கால் மெல்லக் கீழே இறங்கியது. பிறகு மற்றக் கால்.

அவர் மண்ணில் கால் வைத்ததும், யார் பார்த்தால் என்ன என்று கையைப் பிடித்தேன்.

"என்னப்பா, ஷொக் அடிக்குதோ எண்டு பாக்கிறீரோ?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். "டவுண் பக்கத்து லைனுக்குத்தான் கரண்ட் விட்டவங்கள். எங்கட வீடும் கடையளும் அதிலதான். இதுக்கு இல்லை."

வீட்டுக்கு நடக்கும்போதுதான் மிச்சத்தைச் சொன்னார்.

"கடையில லைட் எரிஞ்சதை நானும் மேல இருந்து கண்டனான். ஒரு கம்பி கையில. எந்த லைனுக்கு விட்டவங்கள் எண்டு அப்ப எனக்குத் தெரியாது. கையை எடுக்கவும் பயம், வைச்சிருக்கவும் பயம்."

அவருக்கும் பயம் வரும் என்று நான் நினைத்ததேயில்லை. அவருக்குத் தெரியும், பார்த்துக்கொள்வார் என்ற ஒரே ஆறுதலில்தான் அதுவரை தூங்கினேன்.

மறுநாளும் காற்று விடவில்லை. விடியற்காலையில் அவர் வேலைக்குப் போகிற காற்சட்டையைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன்.