மொபெட்டுக்கு எதற்குப் பிரீமியம்

பிரிஸ்கில்லாவுக்குக் கோபம் வந்தால் புருஷனை ‘யோவ்’ என்பாள். மற்ற நேரத்தில் ‘இன்னாங்க’. இரண்டாயிரத்து நான்காம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் எலியாஸுக்குக் கிடைத்ததெல்லாம் ‘யோவ்’தான். கிடைக்க வேண்டியதுதான் என்று நானும் சொல்வேன்.

அவள் பார்த்த வேலை இது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி. அங்கே தோலை வெட்டித் துளை போட்டு மூட்டையாகக் கட்டித் தருவார்கள். பேரணாம்பட்டில் முப்பது பெண்கள் வீட்டில் உட்கார்ந்து அதைக் கையால் தைப்பார்கள். ஷூவின் மேல்பாகம் அது, அப்பர் என்பார்கள். காலையில் தோலைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, தைத்து முடிந்ததைச் சாயங்காலம் வாங்கி, ஆறு மணிக்குள் கம்பெனி கேட்டில் சேர்க்க வேண்டும். எலியாஸ் தோல் பதனிடும் வேலை பார்த்த ஷாப்பை மூடியபோது, தொண்ணூற்றாறில், பிரிஸ்கில்லா இந்த லைனைப் பிடித்தாள். முதல் இரண்டு வருஷம் மூட்டையோடு பஸ்ஸில் ஏறி, தினம் கண்டக்டரிடம் வசவு வாங்கினாள். அப்புறம் பழைய டிவிஎஸ் ஃபிஃப்டி ஒன்றை வாங்கி அவளே ஓட்டக் கற்றுக்கொண்டாள். தெருவே வாயைப் பிளந்துகொண்டு வேடிக்கை பார்த்தது. பார்க்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

வண்டி ஓடியது அவள் கையில். பெயர் மட்டும் எலியாஸுக்கு. “என் சம்சாரம் வண்டிய நான்தான் பாத்துக்குறேன்” என்று சர்ச் வாசலில் சொல்லிக்கொள்வான். பார்த்துக்கொண்டது என்ன? ஞாயிற்றுக்கிழமை ஈரத் துணியால் சீட்டைத் துடைப்பான். பிளக்கைக் கழற்றித் தேய்ப்பது, செயினை இறுக்குவது எல்லாம் அவள். ஆம்பளை சொல்லிவிட்டுப் போகட்டும், நமக்கென்ன என்று இருந்தாள். அங்கேதான் தப்பு செய்தாள்.

அந்த வருஷம் ஹைவே பங்க்கில் பிரீமியம் பெட்ரோல் வந்தது. லிட்டருக்கு ஒன்றரை ரூபாய் ஜாஸ்தி. இன்ஜினுக்குப் புது உயிர் என்று பெரிய பேனர். நாலு நாள் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. ஐந்தாம் நாள் சாதா பம்பில் ‘ஸ்டாக் இல்லை’ என்று ஓர் அட்டை தொங்கியது. டேங்கர் லாரி வந்து இறக்கிவிட்டுப் போன பிறகும் தொங்கியது. பிரிஸ்கில்லா சும்மா விடுவாளா?

“லோடு எறங்குனத என் கண்ணால பாத்தேன். எங்க போச்சு சாதா?”

பங்க் மேனேஜர் அவள் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. “ஒனக்கு இதெல்லாம் புரியாதும்மா. ஊட்டுக்கார அண்ணன வரச் சொல்லு, அவர்கிட்ட சொல்றேன்.”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி இன்னொரு பங்க்குக்குப் போய்ச் சாதாவே போட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது எலியாஸ் வண்டியை எடுத்துக்கொண்டு போனான். ஹைவே பங்க்கில் மேனேஜர் அவனுக்கு நாற்காலி போட்டுப் பேசியிருக்கிறான். இவனுக்குத் தலைகால் புரியவில்லை. டேங்க் நிறைய பிரீமியம். டிவிஎஸ் மாதிரி வண்டிகளுக்குப் பெட்ரோலோடு ஆயிலும் ஊற்ற வேண்டும், அதற்குத் தனி இன்ஜின் ஆயில் கிடையாது. ஆயில் கலந்தால் பெட்ரோலுக்கு ஒரு நிறம் வரும். பிரீமியமும் நிறமாக இருந்தது. ஆயில் ஊற்ற வந்த ஆளை எலியாஸ் கையை நீட்டி நிறுத்தினான். “வேணாம்பா, இதுலயே கலந்து வந்திருக்கு.” அந்த ஆள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவனுக்கு வேலை மிச்சம்.

வீட்டில் அவன் வாயைத் திறக்கவில்லை. திங்கட்கிழமை பகலில் வண்டி புகையே விடாமல் ஓடியது. அட, சைலன்சரைச் சுத்தம் செய்திருக்கிறான் போலிருக்கிறது என்று பிரிஸ்கில்லாவுக்குச் சந்தோஷம்கூட வந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்து அவள் தன் மேலேயே பின்னால் எரிந்து விழுந்தாள்.

சாயங்காலம் ஐந்தே காலுக்கு, நூற்றிருபது ஜோடி அப்பரோடு, பாதி வழியில் வண்டி கிறீச்சென்று நின்றது. பின் சக்கரம் சுற்றவில்லை. அன்று ராத்திரி சரக்கு மெட்ராஸ் போக வேண்டும். ஒரு தடவை பிந்தினாலும் லைன் கை மாறும் என்று ப்ரொடக்‌ஷன் மேனேஜர் சாமுவேல் முன்பே சொல்லியிருந்தார். வண்டியைப் புளிய மரத்தடியில் போட்டுவிட்டு, மூட்டையைத் தூக்கி பஸ்ஸில் ஏற்றினாள். கேட்டுக்கு வந்தபோது ஆறே முக்கால். லாரி போய்விட்டிருந்தது.

மறுநாள் காலை மெக்கானிக் ரஷீத் அஹமது இன்ஜினைப் பிரித்தார். பிஸ்டன் ஒட்டிக்கொண்டு நின்றது. டேங்க்கில் விரலை விட்டு, தேய்த்துப் பார்த்து, முகர்ந்தார்.

“ஆயில் சொட்டுகூட இல்லியேம்மா. யாரு போட்டது?”

எலியாஸ் பக்கத்தில்தான் நின்றான். “பிரீமியம் பாய். ஒசத்தி. நல்லதுன்னுதான்…”

“இன்னா ஒசத்தி? கம்ப்ரஷன் ஜாஸ்தி இருக்கற பெரிய இன்ஜின், பெரிய கார், கம்பெனிக்காரனே போடுன்னு சொல்லியிருந்தா, அதுக்குப் போடு. இதுக்கு சாதாவே போதும். இதப் போட்டா மைலேஜும் ஏறாது, இழுவையும் ஏறாது. ஆயில் போடாம எத ஊத்துனாலும் இன்ஜின் போயிடும்.”

“யோவ், என்னை ஒரு வார்த்தை கேட்டியா?” என்றாள் பிரிஸ்கில்லா.

“உனக்கு நல்லது பண்ணலாம்னுதான்…”

“நல்லது பண்ற ஆளு கேட்டுட்டுப் பண்ணணும்.”

அதோடு போயிருந்தால்கூட அவள் ஆறியிருப்பாள். மத்தியானம் சாமுவேல் இருவரையும் கூப்பிட்டனுப்பினார். மேஜையில் புது கேட் பாஸ் இருந்தது. அதில் எலியாஸ் பெயர்.

“இன்னா பண்றதும்மா? வண்டி விஷயம் லேடீஸுக்கு சரிப்படாது. இனிமே லைன் எலியாஸ் பேர்ல. குடும்பத்துலதான இருக்கு, உனக்கு இன்னா நஷ்டம்?”

பிரிஸ்கில்லா புருஷனைப் பார்த்தாள். ‘தப்பு என்னுது சார்’ என்று மூன்று வார்த்தை சொல்ல அவனுக்கு எவ்வளவோ நேரம் இருந்தது. அவன் சட்டைப் பையைச் சரிசெய்தான். தொண்டையைக் கனைத்தான். பிறகு பாஸை எடுக்கக் கையை நீட்டினான்.

எட்டு வருஷம் லைனை ஓட்டியவள் அவள். கெடுத்தவன் அவன். பாஸ் அவனுக்கு! அந்தக் கையின் மேல் தன் கையை வைத்து மேஜையோடு அழுத்தினாள்.

“லிட்டருக்கு எத்தனை மில்லி ஆயில் ஊத்தணும்? சொல்லிட்டு எடு.”

எலியாஸ் விழித்தான். “அது… பங்க்குல அவங்களே…”

“சார், நீங்க சொல்லுங்க.”

சாமுவேல் பேனாவைத் திருகினார். அவருக்கும் தெரியவில்லை.

“நாப்பது மில்லி. ஊத்திட்டு, கலக்கற மாதிரி வண்டிய குலுக்கிட்டு ஓட்டணும். முந்தாநேத்து இந்த ஆளு ஊத்தாம வுட்டான் சார், எங்கிட்ட சொல்லவும் இல்ல. ஆறே முக்காலுக்கு மூட்டைய தூக்கினு வந்தது நான். இப்ப வாயத் தொறக்காம பாஸுக்குக் கை நீட்றான். இவன் பேர்லயா லைன்?”

எலியாஸ் கையை மெதுவாக இழுத்துக்கொண்டான். சாமுவேல் அந்தப் பெயரை அடித்துவிட்டு, மேலே பிரிஸ்கில்லா என்று எழுதினார். இன்ஜின் ரீபோர் முடிந்து வண்டி வருகிறவரை பஸ்ஸில் வரலாம், ஆனால் இன்னொரு தடவை பிந்தினால் யார் பெயரிலும் இல்லை என்றார்.

வெளியே வந்ததும் எலியாஸ், “சார் முன்னாடி இப்படி என்னைக் கேவலப்படுத்தணுமா?” என்றான்.

“நீ ஆறு வருஷமா சர்ச் வாசல்ல என்னைப் பண்ணது இன்னா?” என்று கேட்டுவிட்டு, அவள் பேரணாம்பட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.