பதினோரு மரத்து மழை

மழை வந்தால் மற்றப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடுவார்கள். நான் மழை வந்தால்தான் பள்ளிக்கூடம் போவேன். வகுப்பு டீச்சர் எனக்குத் தவளை என்று பெயர் வைத்திருந்தார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. வரவுப் பதிவேட்டைப் பார்த்த யாருக்கும் அந்தப் பெயர்தான் தோன்றியிருக்கும்.

அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். பட்டை நனைந்திருந்தால் வெட்டக்கூடாது, பால் சிரட்டைக்குப் போகாமல் மரமெல்லாம் வழிந்து வீணாகிவிடும். அதனால் மழை நாளில் அப்பா வீட்டில் இருந்து தம்பியைப் பார்த்துக்கொள்வார். வெயில் நாளில் தம்பிக்கு நான்தான். அவனுக்கு ஒன்றரை வயது, எனக்குப் பதினைந்து. அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் கல்யாணமாகிப் போனதும் அதற்கும் பூட்டுப் போட்டுவிட்டார்கள்.

போகிற அன்று அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இனிமே தம்பிக்கு நீதான் அம்மா. அப்பா வேலை கெடாமப் பாத்துக்க" என்று சொல்லியிருந்தார். நான் அதைக் கொஞ்சம் அதிகமாகவே கேட்டுக்கொண்டேன். அடுப்பை அணைத்தேனா, பால்மா எத்தனை கரண்டி போட்டேன் என்று எந்நேரமும் போய்ப் போய்ப் பார்ப்பேன். தலை வாரினால் சீப்பில் கொத்தாக முடி வரும். மழை வந்தால் அப்பாவுக்கு அன்றைய சம்பளம் இல்லை என்பதால், மழை வரவேண்டும் என்று சாமியிடம் கேட்கவும் பயமாக இருந்தது.

வருடக் கடைசியில் கணிதப் பரீட்சை வந்தது. அதை எழுதாதவர்களைச் சாதாரணதர வகுப்புக்கு ஏற்றமாட்டோம் என்று டீச்சர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நான் அப்பாவிடம் மூச்சுவிடவில்லை. சொன்னால் வேலையைக் கெடுத்துக்கொண்டு வீட்டில் இருந்துவிடுவார், அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு போய்விடும். வானத்தைத்தான் நம்பியிருந்தேன். ஒரு வாரமாகப் பெய்த மழை, பரீட்சைக்கு முதல் நாள் சொல்லிவைத்தாற்போல் நின்றுவிட்டது.

பரீட்சையன்று விடியும்போது கூரைத் தகரத்தில் ஒரு சொட்டுச் சத்தம்கூட இல்லை. அப்பா கத்தியை எடுத்துக்கொண்டு பெரட்டுக்குப் போனார். அங்கே கங்காணி பெயர் பதிந்து வேலைக்கு அனுப்ப அரை மணி நேரமாவது ஆகும். அப்பாவின் மரங்கள் எங்கள் லயத்து வீட்டுக்கு நேர் மேலேதான் இருந்தன. அந்த அரை மணி நேரத்துக்குள் நானே மழையைப் பெய்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

தூங்குகிற தம்பியைச் சுற்றித் தலையணைகளை அடுக்கிவிட்டு, பீலியில் விழும் தண்ணீரில் நீல வாளியை நிரப்பினேன். பிடி உடைந்து, அம்மா பழைய சேலைத்துண்டு கட்டிய வாளி அது. பால் வெட்டுகிற இடமாகப் பார்த்து ஊற்றினேன். ஒரு வாளிக்கு இரண்டு மரம். அப்பாவுக்கு இருந்ததோ முந்நூறு மரம். முன்னால் நிற்பவை நனைந்திருந்தால் மற்றவற்றைப் பார்க்காமலே திரும்பிவிடுவார் என்று கணக்குப் போட்டேன். கணிதத்தில் என் கெட்டித்தனம் அந்த அளவுதான். தண்ணீருக்கு இறங்கும்போதெல்லாம் தம்பி அழுவதுபோலக் கேட்டது. நின்று கேட்டால் ஒன்றும் இருக்காது. பதினோராவது மரத்துக்கு ஊற்றும்போது மேல் பாதையில் பேச்சுச் சத்தம் வந்தது. வாளியை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன்.

எனக்கு மூச்சு வாங்கி முடியவில்லை, அப்பா வாசலில் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் நல்ல வெயில்.

"மரமெல்லாம் ஈரமா இருக்கு. மழை பேஞ்சிருக்கு. இன்னைக்கு வெட்டு இல்ல, நீ பள்ளிக்கூடம் போ."

"ஆமாப்பா, எனக்கும் சத்தம் கேட்டுச்சு" என்றேன்.

முழங்கால்வரை நனைந்திருந்த என் பாவாடையை அப்பா ஒரு முறை பார்த்தார். துவட்டிக்கொண்டு உடுப்பை மாற்றச் சொல்லிவிட்டு, தம்பியைத் தூக்கப் போனார்.

பரீட்சை எழுதினேன். கணக்குக்கும் கணக்குக்கும் நடுவே என் மனதுக்குள் தம்பி அடுப்பங்கரைக்குத் தத்தித் தத்திப் போய்க்கொண்டே இருந்தான். திரும்பி வரும் வழியில் கங்காணி என்னை நிறுத்தி, "ஒங்க அப்பாவுக்குக் காய்ச்சலாமே, இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார். பரவாயில்லை என்று சொல்லிவைத்தேன். மழை என்று சொல்லியிருந்தாலே போதுமே, அப்பா எதற்காக வீணாகப் பொய் சொன்னார் என்று எனக்கு விளங்கவில்லை.

வீட்டில் சோறு கஞ்சியாகக் குழைந்திருந்தது. தம்பி அப்பாவின் நெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தான். காலையில் அவசரத்தில் விட்டுவந்த நீல வாளி நினைவுக்கு வர, பதறிப்போய்ப் பின்பக்கம் ஓடினேன். அது வழக்கமான இடத்தில், தண்ணீர் நிரம்பி இருந்தது. சேலைத்துண்டுக்குப் பதிலாகப் புதுக் கயிறு இறுக்கிக் கட்டியிருந்தது.

அப்பா கண்ணில் படுவதற்குள் பக்கத்து வீட்டில் யாரோ எடுத்துவந்து வைத்துவிட்டார்கள், தப்பித்தேன் என்று சாமிக்கு ஒரு கும்பிடு போட்டேன்.